ஜிலேபி மீன்: தூண்டில் முள்ளிலிருந்து குழம்புச் சட்டி வரை

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஏரிக்கரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வெறும் வாளியோடு வீடு திரும்பியவன் நான். நான்காவது ஞாயிறு பதினொரு ஜிலேபி கிடைத்தது. அம்மா குழம்பு வைத்தார். ஒருவரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. அவ்வளவு சேற்று வாசனை. "இனிமேல் இதை என் சட்டியில் ஏற்றாதே" என்று அம்மா சொல்லிவிட்டார். ஆக, எனக்கு இரண்டு இடத்தில் சறுக்கியது: ஒன்று முள், இன்னொன்று கழுவுவது. அந்த இரண்டையும்தான் இங்கே நிறுத்தி நிதானமாக எழுதப்போகிறேன். முடிச்சுப் போடுவது, மண்புழு தோண்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

யாரிடம் கேட்பது, எங்கே உட்காருவது

ஏரிகளில் பெரும்பாலும் மீன் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள். கட்லாவோ ரோகுவோ விழுந்தால் தண்ணீரில் விட்டுவிடுவேன், ஜிலேபி மட்டும் எனக்கு என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அவர் காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சுகளின் தீனியில் பங்குக்கு வருவது இந்த ஜிலேபிதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சில மாதங்களிலேயே முட்டையிடும் வயதுக்கு வந்துவிடுவதால், எந்தக் குட்டையில் விட்டாலும் பெருகிவிடுகிறது.

கிருஷ்ணகிரி அணைக்குத் தூண்டிலோடு போய் நிற்காதீர்கள். அங்கே அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது. அணைக்குப் போனால் வறுவல் கடையில் உட்காருவதுதான் மரியாதை. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள் பக்கமும் வேண்டாம். ஏரியைப் போல அங்கே சரிவு கிடையாது, ஒரு அடி தவறினால் நேராக ஆழம். மழைக்குப் பிறகு கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்குகிற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த நாட்களில் தென்பெண்ணையில் பிடித்த மீனை நான் சமைப்பதில்லை.

கோடையில் நீர் வற்றும்போது கரையோரச் சேற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். ஆண் ஜிலேபி தோண்டிய கூடுகள் அவை. அதற்கு நாலைந்து அடி தள்ளித் தூண்டில் விழுகிற மாதிரி உட்காருங்கள். காலை ஆறரை முதல் ஒன்பது வரைதான் என் நேரம்.

முள்: நான் ஏமாந்த இடம்

கழிக்குப் பத்தடி மூங்கில் போதும். ரீல் வைத்த தூண்டிலை இதற்காக வாங்காதீர்கள், வாங்கி வைத்த என்னுடையது பரணில் தூங்குகிறது. மெல்லிய நரம்பு, பயறு அளவு ஈயக்குண்டு, தக்கைக்கு விரல் நீளத்தில் காய்ந்த சோளத்தட்டை. தட்டை ஒரு மணி நேரத்தில் ஊறிக் கனத்துவிடும், ஆகவே நாலைந்து துண்டு கையில் இருக்கட்டும்.

முள் வாங்கப் போனபோது, சின்ன மீனுக்குச் சின்ன முள்தானே என்று இரண்டாம் எண் கேட்டு வாங்கினேன். அங்கேதான் கோட்டைவிட்டேன். முள்ளின் எண் தலைகீழ்க் கணக்கு: எண் கூடக் கூட முள் சிறியதாகும். இரண்டாம் எண் முள் விரலை வளைத்ததுபோல் இருந்தது. மூன்று வாரமும் தக்கை நடுங்கும், இழுத்துப் பார்த்தால் இரை இருக்காது, மீனும் இருக்காது. எருமைகளைக் கழுவ வந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது விரால் பிடிக்கிற முள். ஜிலேபிக்கு வாய் இவ்வளவுதான்." சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். அடுத்த வாரம் பத்தாம் எண் முள்ளோடு போனேன். பதினொன்று. எட்டாம் எண்ணும் பரவாயில்லை, அதற்குப் பெரியது வேண்டாம்.

அடுத்தது ஆழம். ஜிலேபி தரையை ஒட்டி மேய்கிற மீன். முதலில் இரை இல்லாமல் போட்டுப் பாருங்கள். தக்கை தண்ணீரில் படுத்துக்கொண்டால் குண்டு தரையில் கிடக்கிறது என்று பொருள். தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக் கட்டி, நிமிர்ந்து நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். இப்போது முள் தரைக்குச் சற்று மேலே தொங்கும். இடம் மாறினால் மறுபடி இதே வேலை. சோம்பல்பட்டால் தவளைக் குஞ்சுகளுக்குத்தான் தீனி போடுவீர்கள்.

இரை

என் ஓட்டு ராகிக் களிக்கு. இரவு மிஞ்சிய களி காலையில் இறுகியிருக்கும். அதில் ஒரு சிட்டிகை மைதா சேர்த்து, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்து, துவரம்பருப்பு அளவுக்கு உருட்டி, முள் முனை மூடும்படி குத்துங்கள். வெறும் மைதா உருண்டை சீக்கிரம் கரைந்துவிடுகிறது. மண்புழுவில் மீன் வேகமாக விழும், மறுக்கவில்லை. ஆனால் குட்டிக் கெளுத்தியும் சேர்ந்து விழும், அதன் முள் குத்தினால் கை அரைநாள் கடுக்கும்.

தக்கை நடுங்கும்போது இழுக்காதீர்கள். அது மோந்து பார்க்கிற நேரம். தக்கை ஒரு பக்கமாக நகர்ந்தாலோ, முழுகினாலோ, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்குங்கள். முழுக் கையால் வீசி இழுத்தால் மீன் பின்னால் இருக்கும் சீமைக்கருவேலத்தில் போய்த் தொங்கும். எனக்குத் தொங்கியிருக்கிறது.

மீனைப் பிடிக்கும்போது கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் முதுகு முட்கள் படிந்துவிடும். எதிர்ப்பக்கம் தடவினால் ரத்தம்தான். ஒருமுறை நான் தூக்கிய மீன் கையிலேயே வாயைத் திறந்து, கடுகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் முட்டைகளைக் கொட்டியது. தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கும். அப்படி வந்ததை நான் திருப்பி விட்டுவிடுகிறேன். பெருகித் தொலைக்கிற மீனை ஏன் விடுகிறாய் என்று குத்தகைதாரர் திட்டுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கழுவுவது: அம்மா திட்டிய இடம்

சேற்று வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்கிற பொருள். முதல் மழையில் மண்ணிலிருந்து கிளம்பும் வாசனையும் அதுதான். நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் இருக்கும் சில நுண்ணுயிரிகளும் அதை உண்டாக்குகின்றன, மீனின் தசைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் வெறும் தண்ணீரில் பத்துமுறை அலசினாலும் போவதில்லை. ஓரிரவு நல்ல தண்ணீரில் உயிரோடு விட்டுவைத்தால் போய்விடும் என்பார்கள். விட்டுப் பார்த்தேன், போகவில்லை. புளிப்புப் பட்டால்தான் அந்தப் பொருள் சிதைகிறது.

முதலில் கத்தரிக்கோலால் துடுப்புகளை வெட்டிவிடுங்கள். பிறகு செதில். கத்தியைவிட எனக்குப் பிடித்தது கிரானைட் துண்டு. எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மெருகேற்றாத சொரசொரப்பான பக்கத்தில், கொஞ்சம் கல்லுப்பைத் தூவி, மீனை அழுத்தித் தேயுங்கள். செதில், வழவழப்பு எல்லாம் ஒன்றாக உரிந்து, தோல் வெளிறிய சாம்பல் நிறத்துக்கு வரும்.

வயிற்றை மேலோட்டமாகக் கீறிக் குடலை முழுசாக எடுங்கள், செவுளையும் பிடுங்கிவிடுங்கள். உள்ளே பார்த்தால் வயிற்றுச் சுவரில் கார்பன் தாள் ஒட்டியதுபோல் ஒரு கருப்புச் சவ்வு இருக்கும். நான் முதல்முறை அப்படியே விட்டது அதைத்தான். உப்பைத் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தால் சுருண்டு வரும். முதுகெலும்பை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தக் கோட்டையும் நகத்தால் சுரண்டிவிடுங்கள்.

பிறகு நீர்மோரில் உப்பும் மஞ்சள்தூளும் கலந்து இருபது நிமிடம் ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். மோர் இல்லையென்றால் புளித்தண்ணீர். துண்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வாசனை மிச்சம் இருந்தால் இன்னொரு பத்து நிமிடம்.

குழம்பு

ஒரு கிலோ மீனுக்கு: எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று. மண்சட்டியில் கடலை எண்ணெய் ஊற்றி அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, தூள்களைப் போட்டுப் புளிக்கரைசல் ஊற்றுங்கள். மாங்காய்க் காலமாக இருந்தால் புளியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பெங்களூரா மாங்காய் நாலு கீற்று போடுங்கள். குழம்பு சுண்டி எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன். எட்டு நிமிடம். கரண்டி போடாமல், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. தொட்டுக்கொள்ள அல்ல, முழுக்கப் புரட்டிச் சாப்பிடச் சூடான ராகிக் களி. காலையில் மீனுக்குப் போட்டதுதான், மதியம் நமக்கு.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த ஒரு தம்பி, குழம்பு கசந்துவிட்டது, வெந்தயம் கூடிவிட்டதா என்று கேட்டிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். சமைக்காமல் வைத்திருந்த துண்டின் வயிற்றோரத்தில் பச்சைக் கறை. வெந்தயத்தின் மேல் பழி இல்லை, கீறும்போது பித்தப்பை உடைந்திருக்கிறது. கத்தி முனையை ஆழமாக இறக்காதீர்கள். உடைந்துவிட்டால் உடனே கழுவி, கறை பட்ட சதையை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், மீதி மீன் நன்றாகவே இருக்கும்.