ட்வின் ஹவுஸ், ரோ ஹவுஸ், டூப்ளக்ஸ்: சுவர ஒட்டுன வீடு வாங்கும் முன்னாடி என்ன பாக்கணும்?

எங்க மைனி இங்கிலாந்துல நர்ஸு. போன ஆனி மாசம் போன் பண்ணி, "தம்பி, நாகர்கோவில் பக்கம் ஒரு செமி டிட்டாச்ட் வீடு இருந்தா பாரு"ன்னாவ. நானும் அத அப்படியே போய் புரோக்கர் அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அவரு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "டிட்டாச்டா? எல்லாரும் அட்டாச்டு பாத்ரூம்தானே கேப்பாவ?"ன்னாரு. அப்புறம் "ஓ, டூப்ளக்ஸா"ன்னு அவரே முடிவு பண்ணி பார்வதிபுரம் தாண்டி கூட்டிட்டுப் போனாரு, அங்க பாத்தா நாலு பக்கமும் காலியா, உள்ள படிக்கட்டு வச்ச தனி வீடு. மைனி கேட்டது வேற, அண்ணாச்சி காட்டுனது வேற, நடுவுல என் பெட்ரோல் போச்சு.

அதனால முதல் வேலை, பேர பிரிச்சு தெரிஞ்சுக்கிடுங்க.

மைனி சொன்ன செமி டிட்டாச்ட்ங்கிறது ரெண்டு வீடு ஒரு பக்கச் சுவர மட்டும் ஒட்டி நிக்கிறது, மத்த மூணு பக்கமும் திறந்து கிடக்கும். நம்ம ஊர் விளம்பரத்துல இது ட்வின் ஹவுஸ், கொஞ்சம் வெல கூட்டணும்னா ட்வின் வில்லா. மூணு நாலு வீடு வரிசையா ஒட்டி நின்னா ரோ ஹவுஸ், இத இங்கிலாந்துல டெரஸ் வீடுன்னு சொல்லுவாவ, அவிய டெரஸ்னு சொன்னா மொட்டமாடின்னு நினைச்சிராதீங்க. ரோ ஹவுஸ் ஒண்ணும் நமக்குப் புதுசு இல்ல, வடிவீஸ்வரம் அக்ரகாரத்துலயும் சுசீந்திரம் கோயில சுத்தி இருக்க தெருவுலயும் திண்ணையோட திண்ண முட்டி நிக்கிற பழைய வீடெல்லாம் வேற என்ன?

டூப்ளக்ஸ்லதான் பெரிய குழப்பம். நம்ம ஊர்ல டூப்ளக்ஸ்னா ஒரே குடும்பத்துக்கு கீழயும் மேலயும், உள்படிக்கட்டு வச்ச வீடு. அமெரிக்காவுல இருக்கவங்க டூப்ளக்ஸ்னா ரெண்டு குடும்பம் தனித்தனியா இருக்க ஒரே கட்டடம். அதனால வெளிநாட்டுல இருந்து கேக்குற சொந்தக்காரங்ககிட்ட "எத்தன குடும்பம், எத்தன வாசல்"னு கேட்டுக்கிடுங்க. வில்லாவுக்கு அர்த்தம் தேடாதீங்க, வாசல்ல ஒரு கேட்டும் ரெண்டு பனை மாதிரி அலங்காரச் செடியும் இருந்தா இப்ப வில்லாதான். லைன் வீடு வாடகைக்கு சரி, ஒரே ஓனர், ஒரே கூரை, ஒரே கெணறு. அதுல ஒண்ண மட்டும் விக்கிறேன்னு யாராவது வந்தா ரொம்ப உஷாரா இருக்கணும்.

ரெண்டாவது, மண்ணு யாருக்குன்னு கேக்கணும். பெயிண்ட பாக்க முன்னாடி இதக் கேளுங்க. ட்வின் ஹவுஸ்னு ஒரே பேர்ல ரெண்டு வகை விக்கிறாவ. ஒண்ணு, இடத்த ரெண்டா பிரிச்சு, உட்பிரிவு போட்டு, ஆளாளுக்கு தனிப்பட்டா. இன்னொண்ணு, மொத்த இடத்துல பிரிக்கப்படாத பாகம், அதாவது யூடிஎஸ். பிளாட்டுக்கு எழுதுற மாதிரிதான் பத்திரம் வரும், உங்க பங்கு எந்த மூலையில இருக்குன்னு கைய காட்ட முடியாது. ரெண்டாவது வகை தப்புன்னு சொல்லல, ஆனா தனி வீட்டு வெலைக்கு அத வாங்கக் கூடாது.

சென்ட் கணக்கையும் இங்கயே போட்டுருங்க. 1 சென்ட் 435.6 சதுர அடி. "1200 சதுர அடி வீடு"ன்னு போட்டிருப்பாவ, அது கீழ 600 மேல 600 சேத்த கட்டடம், அடியில மண்ணு 2 சென்டுன்னா 871 சதுர அடிதான். எங்க அம்மைகிட்ட இத சொன்னப்ப, "ஒரு முருங்கை வைக்க எடம் உண்டா மக்களே?"ன்னு மட்டும் கேட்டா. அந்தக் கேள்வி எந்த விளம்பரத்தையும் கவுத்துரும்.

மூணாவது, சுவர். நான் ரொம்ப நேரம் செலவழிச்சது இதுலதான். நடுவுல ஒரே சுவரா, இல்ல ஆளுக்கொரு சுவர் கட்டி ஒட்டி நிக்குதான்னு கேளுங்க. ஒரே சுவர்னா பத்திரத்துல அந்தப் பக்க எல்லையா என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க, பொதுச்சுவரோட மத்திவரைக்கும்னு இருக்கணும். நாளைக்கு நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ இடிச்சுக் கட்டணும்னாலும் அந்தச் சுவர தொட முடியாது, அத தாங்கிதான் மத்தவரு வீடும் நிக்குது.

ரெண்டு சுவர்னா மொட்டமாடிக்கு ஏறுங்க. நான் பாத்த ஒரு வீட்டுல ரெண்டு சுவருக்கும் நடுவுல ரெண்டு விரக்கட இடைவெளி, அதுல தெர்மாகோல திணிச்சு மேல சிமெண்ட பூசி விட்டிருந்தாவ. பூச்சு நீளத்துக்கு வெடிச்சுக் கெடந்துச்சு. கீழ எறங்கி பெட்ரூம் சுவர்ல கைய வச்சா சில்லுன்னு ஓதம், புது பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா. நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, வருஷத்துல ரெண்டு தடவ நனையுற ஊர்ல இந்த இடைவெளிக்கு தகரமோ ஸ்லாபோ மூடி போடலன்னா வேண்டவே வேண்டாம். ஆகவே வீடு பாக்க மழ பெஞ்ச மறுநாள் போங்க, வெயில்ல போகாதீங்க. சாயங்காலம் ஒரு தடவ போய் சும்மா நில்லுங்க, பக்கத்து வீட்டு குக்கர் விசில் எத்தனன்னு எண்ண முடியுதுன்னா சுவர் லட்சணம் தெரிஞ்சிரும்.

நாலாவது, காயிதம். வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பிங்கிற நில அளவு படம் மூணும் ஆன்லைன்லயே பாக்கலாம், அதுல ஒட்டு வீட்டுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. அங்கீகரிச்ச பிளான்ல மட்டும் கண்ண வைங்க. ஒரே குடும்பத்துக்குன்னு பிளான் வாங்கி கட்டிட்டு, பெறவு நடுவுல சுவர் வச்சு ரெண்டா விக்கிறது உண்டு, அப்படின்னா தீர்வை, கரண்ட் கனெக்‌ஷன், பேங்க் லோன்னு ஒவ்வொண்ணுலயும் இடிக்கும். ரோட்டுல இருந்து உள்ள வர்ற பாதை பொதுன்னா நடந்து போகவும் வண்டி கொண்டு போகவும் உரிமை உண்டுன்னு உங்க பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க.

"ரேரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், இருக்கே"ன்னு கேப்பீங்க. 2016 சட்டப்படி இடம் 500 சதுர மீட்டருக்குள்ள இருந்தாலோ, 8 வீட்டுக்கு மேல போகலன்னாலோ பதிவு கட்டாயம் இல்ல. 500 சதுர மீட்டர்னா 12 சென்டுக்கு கொஞ்சம் மேல. நம்ம பக்கம் 5 சென்ட், 6 சென்ட்ல கட்டுற ட்வின் ஹவுஸுக்கு அந்தப் பதிவு கட்டாயம் இல்ல, நீங்கதான் பாத்துக்கிடணும்.

இப்ப நான் எந்த வீட்டுக்கும் போக முன்னாடி புரோக்கருக்கு இத வாட்ஸ்அப்ல அனுப்பிருவேன், நீங்களும் அப்படியே எடுத்துக்கிடுங்க:

"அண்ணாச்சி, எத்தன பக்கம் சுவர் ஒட்டுது? ஒரே சுவரா ரெண்டா? தனிப்பட்டாவா யூடிஎஸ்ஸா? மண்ணு மட்டும் எத்தன சென்ட்? பிளான் எத்தன வீட்டுக்கு வாங்குனது? பாதை பொதுவா?"

ஆறு கேள்விக்கும் பதில் வந்தா கெளம்புவேன். "நேர்ல வாங்க தம்பி பேசிக்கலாம்"னு வந்தா, வீட்டுலயே ஒரு கட்டன்சாயா போட்டுக் குடிப்பேன்.