கத்தரிக்கோலை எடுக்கும் முன்: ஸ்கிராப்புக் பழகத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் ஆயாவின், அதாவது பாட்டியின், இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் எங்கள் வீட்டில் இருந்தது. படங்களையும் நினைவுப் பொருள்களையும் ஆல்பத்தில் ஒட்டி, பக்கத்தில் எழுதியும் வைக்கும் ஸ்கிராப்புக் கைவேலைக்கான இணைய வகுப்பில் சேர்ந்த மூன்றாம் வாரம், தம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு அந்தப் படத்தை வெட்டினேன். "முகம் முன்னே வரட்டும், தேவையில்லாததைக் கழித்துவிடுங்கள்" என்று ஆசிரியை சொல்லியிருந்தார். முகம் முன்னே வந்தது. கழித்த ஓரங்களில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் காட்டோ மேனர் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீடு இருந்தது. மரமும் தகரமும் சேர்த்துக் கட்டிய வீடு. படிக்கட்டோரம் ஓர் அம்மி இருந்தது. பாதி உருவமாக ஒரு சிறுவன் நின்றிருந்தான். இன்ன இனத்தவர் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்று 1950ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின் பேரில், 1960களில் அங்கிருந்த நம்மவர்களைப் பெயர்த்து, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வீடு போய்விட்டது. அதற்கு எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே சாட்சியை நான் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஆசிரியைமீது குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருப்பவை கைப்பேசியில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள். ஒன்றை வெட்டினால் இன்னொன்றை அச்சிட்டுக்கொள்வார். அவருடைய படங்களின் பின்னணியில் ஒரு சோபாவோ ஒரு கடைத்தெருவோதான் இருக்கும். அந்தப் பாடம் அந்தப் படங்களுக்குப் பொருந்தும். டர்பனில் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் பழைய படங்கள் வேறு வகை. அவற்றில் முகத்தைவிடப் பின்னணி அதிகம் பேசும். கரும்புத் தோட்டத்து வரிசை வீடு, நகராட்சித் தொழிலாளர் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் முற்றம், கோவில் வாசலில் நட்ட கொடிமரம், எதுவும் கழிவு அல்ல.

ஆகவே மூலப்படத்தில் கத்தரிக்கோலும் பசையும் படவே கூடாது. நகல் எடுங்கள், நகலை வெட்டுங்கள். ஸ்கேனரில் எடுக்கும்போது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையளவுப் படத்தைப் பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு குறையாது. படத்தின் பின்புறத்தையும் மறக்காமல் எடுங்கள். புகைப்பட நிலையத்தின் முத்திரை, தேதி, நீலப் பென்சிலில் நடுங்கும் கையால் எழுதிய இரண்டு தமிழ்ப் பெயர்கள், எல்லாம் அங்கேதான் இருக்கும். படத்தை ஒட்டிவிட்டால் அந்தக் கையெழுத்து தாளுக்கும் பசைக்கும் நடுவில் புதைந்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

முதல் பக்கத்துக்கே பாட்டன் காலத்துப் படத்தை எடுத்ததுதான் நான் செய்த தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு. பழகும் கைக்குப் போன மாதத்துப் படங்கள் போதும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் தைப்பூசக் காவடிக்குப் போய்வந்தீர்களா? ஐந்து படங்கள் எடுங்கள், ஒரு பக்கம் செய்யுங்கள். கோணிப் போனால் இன்னொரு முறை அச்சிடலாம். பத்துப் பக்கம் கை பழகிய பிறகு பழைய பெட்டியைத் திறக்கலாம்.

பொருள் வாங்குவதில் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். வகுப்பில் சேர்ந்த அன்றே வெளிநாட்டுப் பெட்டிக்குப் பணம் கட்டிவிடுவார்கள். டாலர் விலை, அனுப்பும் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் கை கடிக்கும். தொடங்குவதற்கு ஓர் ஆல்பம், கொஞ்சம் நல்ல தாள், பசை, அடிக்கோல், கத்தரிக்கோல், பேனா போதும். அளவையும் கவனியுங்கள். அமெரிக்க வகுப்புகளில் பக்கம் என்றாலே 12 அங்குலச் சதுரம், அதாவது 30.5 செ.மீ. நம் வீட்டு அச்சுப்பொறியில் போகும் ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.தான். 12 அங்குலத் தாளை அது ஏற்காது. ஏ4 ஆல்பத்தில் தொடங்கினால் தாளும் உறையும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். ஆசிரியையின் பக்க அமைப்பைச் சதுரத்திலிருந்து நீளவாக்குக்கு மாற்றிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. டிசம்பர் பக்கத்துக்கு அவர் வெண்பனித் துகள் ஸ்டிக்கர் ஒட்டுவார். லிச்சியும் மாம்பழமும் குவியும் நம் டிசம்பருக்கு அது எதற்கு?

நேரடி வகுப்பானால் மணியைப் பார்த்துச் சேருங்கள். சென்னையில் மாலை 6 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 1 அல்லது 2 மணி. அங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. பதிவு செய்த பாடமாக இருந்தால், எத்தனை நாள் பார்க்கலாம் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மின்வெட்டு வரும் நாளுக்காக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு பாடம் பார்த்தால் ஒரு பக்கம் முடிக்க வேண்டும். முடிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போகிறவர்கள் நான்கு மாதம் கழித்தும் வெறும் ஆல்பத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்ப்பது கைவேலை ஆகாது.

இனி பசையும் தாளும். வகுப்புகளில் இதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் பெரிய பாடமாகத் தோன்றுகிறது. மலிவான தாள்கள் பலவற்றில் மரக்கூழின் லிக்னின் என்னும் பொருள் இருக்கிறது. நாள் ஆக ஆக அது மஞ்சளித்து நொறுங்கும், ஒட்டியிருக்கும் படத்தையும் கெடுக்கும். அமிலமற்றது, லிக்னின் அற்றது என்று உறையில் போட்டிருக்கும் தாளை வாங்குங்கள். செய்தித்தாள் துணுக்கை அப்படியே ஒட்டாதீர்கள். நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை பழுப்பாகி ஊறிவிடும். மூலப்படத்தையே வைக்க வேண்டும் என்று மனம் கேட்டால், நான்கு மூலைகளையும் செருகி வைக்கும் காகித மூலைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் பிவிசி கூடாது. பாலிப்ரோப்பிலீனோ பாலியஸ்டரோ நல்லது. பழைய சான்றிதழை லாமினேட் செய்வதைக் காப்பாற்றும் வழி என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டில் ஒட்டிய அந்த உறையைப் பிறகு பிரிக்க வழியில்லை.

1970களிலும் 80களிலும் வாங்கிய ஆல்பங்களில், பிசுபிசுக்கும் அட்டைமேல் படத்தை வைத்துப் பிளாஸ்டிக்கால் மூடுவோம் அல்லவா, அவைதான் இன்று படங்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து படத்தை விரலால் பிய்க்காதீர்கள், மடங்கி வெடித்துவிடும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகற்ற நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் இழுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். சன்னலோரத்தில் வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து, இருக்கும் நிலையிலேயே கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக்கே உரிய ஒரு பிழையும் உண்டு. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தருவோம். அதை அப்படியே ஒட்டினால், ஆல்பத்தை மூடியதும் எதிர்ப்பக்கத்துப் படத்தில் மஞ்சள் பதியும். என் அக்கா மகள் கல்யாணப் பக்கத்தில் மணமகன் சட்டையில் அப்படி ஒரு மூலை விழுந்திருக்கிறது. குங்குமமும் திருநீறும் அப்படித்தான், தனி உறைக்குள் போய்விட வேண்டும். மாலையிலிருந்து எடுத்த சாமந்தியை ஈரம் முற்றும் போகும்வரை அழுத்தி உலர்த்தாமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் இதற்கு அதிக நாள் ஆகாது. ராமபாணப் பூச்சியும் இங்கே காகிதத்தை விடாது. ஆல்பத்தை வாகனக் கொட்டகையிலும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள உள்ளறையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

எழுத்து இல்லாத பக்கம் இருபது ஆண்டில் ஊமையாகிவிடும். பூவும் ரிப்பனும் ஒட்டி முடித்த பிறகு எழுத இடமில்லாமல் போவது எல்லாருக்கும் நேர்கிறது. முதலிலேயே கையகல இடம் ஒதுக்குங்கள். நீரில் கரையாத நிறமி மைப் பேனாவால் எழுதுங்கள். பெயர்களைத் தமிழிலும் எழுதுங்கள். கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். பதிவேட்டில் எழுதியவரின் காதில் விழுந்தபடி பெயர்கள் உருமாறின. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது முதல், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு எண் கொடுத்து, ஊர், தந்தை பெயரோடு பட்டியலில் எழுதி வைத்தார்கள். உங்கள் குடும்பத்தின் எண் தெரிந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பேரன் தேட நேர்ந்தால் அதுதான் திறவுகோல்.

இவ்வளவு சொன்னேன், எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. படத்தில் யார் என்று சொல்லக்கூடியவரிடம் போய் உட்காருவதை நாம் தள்ளிப்போடுகிறோம். அழகான தாள் வரட்டும், வகுப்பு முடியட்டும் என்கிறோம். தாள் எப்போதும் கிடைக்கும். கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். "இது யார், எந்த ஆண்டு" என்று அடுக்கடுக்காகக் கேட்காதீர்கள்.

வட்டமாக வெட்டிய அந்தப் படத்தைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், முகத்தைத் தடவினார். பிறகு விரலை வட்டத்துக்கு வெளியே மேசைமேல் வைத்து, "இங்கே தம்பி நின்றானே, எங்கே அவன்?" என்று கேட்டார். ஏழு வயதில் காய்ச்சலில் போன தம்பி அவன். அவனுக்கும் வேறு படம் இல்லை. அந்தப் பக்கத்தை நான் மறுபடி செய்தேன். தாளில் பழைய படத்தின் முழு அளவுக்குப் பென்சிலால் கட்டம் போட்டு, நடுவில் ஆயாவின் வட்டத்தை வைத்தேன். பெரியம்மா சொல்லச் சொல்ல, வலப்பக்கம் "தகரச் சுவர், பச்சைச் சாயம்" என்றும், கீழே "அம்மி" என்றும், இடது ஓரத்தில் அவன் பெயரையும் எழுதினேன்.