சங்குப்பூவின் நீலம் வெளுக்காமல் உலர்த்துவது எப்படி?

சங்குப்பூவை உலர்த்தி வைத்துக்கொண்டு குடிநீர் (பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் பானம்) போட விரும்புகிறவர்கள் அதன் நீலத்தைக் காப்பதில்தான் முழுக் கவனத்தையும் வைக்க வேண்டும். இதழுக்கு நீலத்தைத் தருபவை டெர்னட்டின் எனப்படும் ஆந்தோசயனின் நிறமிகள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. ஆகவே பூ வெளுத்துவிட்டால் அதில் அந்தச் சேர்மமும் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். கெம்ஃபெரால், குவர்செட்டின் எனப்படும் வேறு தாவரச் சேர்ம வகைகளும் இப்பூவில் உண்டு என்றாலும் அவற்றின் அளவைக் கண்ணால் அறிய வழியில்லை. நீலப்பூவைக் கருவிளை என்றும் வெள்ளைப்பூவைச் செருவிளை என்றும் சங்கப் புலவர்கள் பிரித்தே சொன்னார்கள். டெர்னட்டினுக்காகத் தேடுகிறவர்களுக்கு வேண்டியது கருவிளைதான்.

பெங்களூரில் பால்கனிக் கம்பியில் ஏற்றிவிட்டாலே இக்கொடி நன்றாகப் பூக்கும். பூ ஒரு நாளில் வாடிவிடுவதால், காலையில் பனி உலர்ந்ததும் அன்று மலர்ந்தவற்றை மட்டும் பறித்து, அடியிலுள்ள பச்சைப் புல்லிவட்டத்தைக் கிள்ளிவிடுங்கள். அது இருந்தால் குடிநீரில் பச்சிலை வாடை தூக்கலாக அடிக்கும். வேரும் விதையும் பேதியாக்கும் தன்மை கொண்டவை என்பதால் காய் எதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் முதல்முறை வெயிலில் பரப்பிய பூக்கள், மாலைக்குள் ஓரங்களில் சாம்பல் பூத்து நடுவில் மட்டும் நீலமாக நின்றன. ஒளியும் சூடும் சேர்ந்து நிறமியைச் சிதைப்பதால் நிழலில் உலர்த்துவதே சரி. வெள்ளை வேட்டித் துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். இவ்வூரின் மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். விரலால் நசுக்கினால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். துவண்டால் ஈரம் மிச்சமிருக்கிறது, பூஞ்சணம் பிடித்துவிடும்.

கடையில் வாங்குவதானால் ஓர் எச்சரிக்கை அவசியம். இங்குள்ள கிரந்திகெ அங்கடிகளில் (நாட்டு மருந்துக் கடைகளில்) சங்கபுஷ்பி என்று கேட்டால் விஷ்ணுகிராந்தியையோ வேறொரு மூலிகையையோ பொடியாகக் கட்டித் தரக்கூடும். அப்பெயரில் வழங்கும் செடிகள் பல. பொடியை விட்டு, முழுப் பூவாகப் பார்த்து வாங்குங்கள்.

குடிநீர் போட ஒரு தம்ளர் நீருக்கு ஐந்தாறு உலர்ந்த பூக்கள் போதும். நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பூவைப் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள்; நிறமி நீரில் எளிதாகக் கரைவதால் பூவைக் கொதிக்கவிட வேண்டியதில்லை. பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடியாக இருக்கட்டும். காவிரி நீரில் தெளிந்த நீலமாக இறங்கும் அதே பூ, காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரில் பச்சை கலந்து தெரிந்தால் பூவைக் குறை சொல்ல வேண்டாம். வடித்த பிறகு சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் கண்ணெதிரே கத்தரிப்பூ நிறமாக மாறும். அமிலம் கூடும்போது நிறமியின் மூலக்கூறு வடிவம் மாறுவதே காரணம்.

ஆய்வுக்கூடக் குழாயில் இச்சேர்மங்கள் காட்டும் ஆற்றல் அப்படியே உடலிலும் நிகழும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆந்தோசயனினில் சிறு பங்கே குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இதை நம்பி நிறுத்தவே கூடாது. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.

உலர்ந்த பூவைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து இருட்டான அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பூவை எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள்: நீலம் புகைபோல் பிரிந்து இறங்கினால் அந்தப் பாட்டிலைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், மங்கிய சாம்பல் நிறம்தான் வருகிறது என்றால் செடியின் அடியில் கொட்டிவிட்டுப் புதிதாகப் பறியுங்கள்.