புள்ளி தொலைந்த போஸ்டர்

இலங்கை மலையகத்து ஹட்டனில் சனி, ஞாயிறுகளில் நாலைந்து பிள்ளைகள் போஸ்டரும் காமிக்ஸும் வரையப் பழக என்னிடம் வருகிறார்கள். போன மாதம் ஒருத்தி நீட்டிய தாளில் என் பழைய தவறு அப்படியே உட்கார்ந்திருந்தது. கோடு நடுங்குவது, நிறம் கலங்குவது எல்லாம் கை பழகினால் தானாகச் சரியாகும். கீழே சொல்லும் தவறுகள் அப்படிச் சரியாகாது.

எழுத்தைக் கடைசியில் யோசிப்பது

2023. மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஊரெல்லாம் நினைவுகூர்ந்த நேரம். எங்கள் தோட்டத்துக் கூட்டத்துக்குப் போஸ்டர் என் பொறுப்பு. பனிமூட்டம், தேயிலை மலை, நடுவில் கூடையோடு ஒரு பாட்டி. படம் நன்றாகத்தான் வந்தது. 'மறக்கமாட்டோம்' என்ற தலைப்புக்கு மிஞ்சியதோ மேலே இரண்டு விரல் இடம். கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி, வெள்ளை நிறத்தில், பனிமேலேயே வைத்தேன். 500 பிரதி.

முதல் போஸ்டரை ஆட்டோ நிற்கும் இடத்தில் ஒட்டியதும் ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார்: "அதென்ன தம்பி, மறககமாடடோம?"

புள்ளிகள் பனியில் போய்விட்டன. அன்றிரவு மூன்று பேர் உட்கார்ந்து கறுப்பு மார்க்கரால் ஏறக்குறைய 1500 புள்ளி வைத்தோம். விடிந்து பார்த்தால் ஈ மொய்த்த மாதிரி இருந்தது. மறுபடி அச்சடித்தேன், என் காசில்.

தமிழ் எழுத்தை நெருக்கினால் ணகரச் சுழி அடைத்துக்கொள்ளும், காலும் ரகரமும் ஒன்றுபோலாகும். தூரத்தில் முதலில் மறைவது புள்ளி. மும்மொழிப் பலகைகளில் தமிழ் எறும்பு அளவில் கிடந்தால் நமக்குக் கோபம் வருகிறது. சொந்தப் போஸ்டரில் நாமே அதைச் செய்தால் யாரைத் திட்டுவது?

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1924இல் வரைந்த 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' போஸ்டரைத் தேடிப் பாருங்கள். உயர்த்திய கைக்கு இருக்கும் வேகம் கையால் எழுதிய அந்த எழுத்துக்கும் இருக்கும். எழுத்தும் படம்தான். அதற்கு முதலில் பென்சிலால் இடம் பிடியுங்கள், பாட்டி அப்புறம் வரட்டும்.

காமிக்ஸிலும் வசனத்தை எழுதிவிட்டு அதைச் சுற்றிப் பேச்சுக் குமிழி போடுங்கள். குமிழியை முதலில் வரைந்தால் 'போய்க்கொண்டிருக்கிறேன்' எங்கே அடங்கும்?

பாமினியில் அடித்ததை அப்படியே அனுப்புவது

பாமினி பழைய தமிழ் எழுத்துரு, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்தைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றி அனுப்புங்கள்.

இங்க்ஜெட் பிரிண்ட்டை வெளியில் ஒட்டுவது

ஒரு மழை. முடிந்தது.

பார்க்காமல் வரைவது

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கும். நான் முதன்முதலில் இரண்டு தோளிலும் பட்டி போட்டு வரைந்தேன். வேலைவிட்டு வந்த அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, இவ மலைக்குப் போறாளா, ஸ்கூலுக்குப் போறாளா?"