சென்னையில் நட்சத்திர ஓட்டலில் தங்குகிறீர்களா? கார்டை நம்பிப் பெரியவர்களைக் கூட்டிப்போகாதீர்கள்

வெளிநாட்டில் வேலைக்காக ஊர் ஊராகத் தங்கிச் சேர்த்த ஓட்டல் மெம்பர்ஷிப்பைத் தாயகம் போகும்போது பயன்படுத்தலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தச் சலுகைகள் எல்லாம் தனியாகப் பயணம் செய்கிற ஓர் ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நாம் ஊருக்குத் தனி ஆளாகப் போவதே இல்லை. அறையில் தங்குவது ஒருவர் என்றாலும், பார்க்க வருகிறவர்களில் சித்தி, அத்தை, மதினி, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் இருப்பார்கள்.

முதலில் அறை உயர்வு, அதாவது பணம் கட்டியதைவிட நல்ல அறையாகக் கொடுப்பது. அதைக் கணக்கில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். மேரியட் ஓட்டல் குழுமத்தில் பிளாட்டினம் என்ற மெம்பர் நிலையை எட்ட வருடத்துக்கு 50 இரவுகள் தங்க வேண்டும். ஹயாத்தில் குளோபலிஸ்ட் ஆக 60. அத்தனை இரவு வீட்டை விட்டு வெளியே கழித்தவருக்குக் கொஞ்சம் மரியாதை கிடைப்பது நியாயம்தான். ஆனால் அமெரிக்காவில் அமெக்ஸ் பிளாட்டினம் அட்டை வைத்திருந்தாலே, ஓர் இரவுகூடத் தங்காமல், மேரியட், ஹில்டன் இரண்டிலும் கோல்டு நிலை கிடைத்துவிடும். டிசம்பரில் கச்சேரி கேட்கவும் ஜனவரியில் பொங்கலுக்கும் நம் ஆட்கள் மொத்தமாக வந்து இறங்கும்போது, ரிசப்ஷன் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் அதே மாதிரி ஒரு கார்டு இருக்கும். ‘காலியாக இருந்தால் தருவோம்’ என்றுதான் விதியே சொல்கிறது. அந்த மாதங்களில் எதுவும் காலியாக இருக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் பலகையில் இருக்கும் பெயர் ஒருவருடையது, கட்டடம் வேறொருவருடையது. உங்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் காலைச் சாப்பாட்டின் பாரம் பெரும்பாலும் கட்டடத்துக்காரர் தலையில்தான் விழுகிறது. அவர் கையை இறுக்கினால் நாம் முதலில் பார்ப்பது மெம்பர்களுக்கான லவுஞ்சில் குறைந்துபோன பலகாரத்தைத்தான். பலகையும் நிரந்தரம் இல்லை. அடையாறு கேட் ஓட்டல் என்று நாம் சொல்லிப் பழகிய இடம் ஷெரட்டனாக இருந்து, கிரவுன் பிளாசாவாக மாறி, 2023 டிசம்பரில் மூடியே விட்டார்கள். அங்கிருந்த தட்சின் உணவகத்தின் சாப்பாட்டுக்காகப் போனவர்களுக்கு அந்தத் தெரு இன்று வெறுமையாக இருக்கும். தாஜ் குழுமத்தின் பழைய இன்னர் சர்க்கிள் பாயின்ட்டும் 2022-இல் டாடா நியூ காயினாக மாறிவிட்டது. பழைய கார்டு வைத்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே கணக்கைத் திறந்து பாருங்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் திருநெல்வேலிக்காரர்கள். அப்பா போனபோது, நான் விமானம் பிடித்து வந்து சேரும்வரை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் பெரியப்பா. அதற்குப் பிறகு அவருக்கு நான் செய்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் வருவது தெரிந்ததும், மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துப் படுக்க வேண்டாம் என்று, நான் தங்கும் ஓட்டலிலேயே அவர்களுக்கும் ஓர் அறை போட்டேன். ஓட்டல் பெயர் வேண்டாம். பல வருடங்களாக நான் போய் வந்துகொண்டிருந்த இடம்.

முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்டேன். காலை ரயிலில் வருகிறார்கள், வந்ததும் அறை கிடைக்குமா? என் அறைக்குப் பக்கத்திலேயே தர முடியுமா? என் கார்டில் கிடைக்கும் காலை உணவும் லவுஞ்சும் அவர்களுக்கும் உண்டா? எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் வந்தது, ஓர் அதிகாரியின் பெயரோடு.

அவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, எழும்பூரிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண் மெயிலைப் படித்தார். இதை எழுதியவர் இப்போது இங்கே வேலையில் இல்லை, சிஸ்டத்தில் எந்தக் குறிப்பும் இல்லை, அறை மதியம்தான் என்றார். அடுத்து அடையாள அட்டை கேட்டார். பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து ஆதார் நகலை எடுத்துக் கொடுத்தார். நகல் செல்லாதாம். பான் கார்டைக் கொடுத்தார். அதில் முகவரி இல்லையாம். அவ்வளவையும் அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். ‘என்னய்யா சொல்லுது அந்தப் புள்ள?’ என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தவர் அவர்.

இதே வாசலில் முன்பு ஒரு பெரியவர் வேலை பார்த்தார். ஒருமுறை அம்மாவை அழைத்துப் போனபோது அறை தயாராக இல்லை. அவர் யாரையும் கேட்காமல் கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் திறந்துவிட்டு, ‘முகத்தக் கழுவிட்டு வாங்கம்மா, காபி சொல்றேன்’ என்றார். அன்று என்னிடம் எந்தக் கார்டும் கிடையாது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வயதுக்காரர்கள் யாரையும் இந்த முறை அங்கே பார்க்கவில்லை. இப்போது இருக்கிற பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்களில் பலர் வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள், ஒரு வருடம் அனுபவம் சேர்ந்ததும் கப்பலுக்கோ துபாய்க்கோ போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தானே. ஆனால் பழையவர்கள் தெரிந்து வைத்திருந்ததைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நிர்வாகம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

அறை கிடைத்த பிறகும் சிரமம்தான். எது வேண்டுமானாலும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பெரியம்மாவிடம் பட்டன் போன்தான் உண்டு. குடிக்க வெந்நீர் வேண்டும் என்பதற்காக வேறொரு மாடியிலிருந்த என் அறைக்கு நடந்து வந்தார்.

மாலையில் லவுஞ்சுக்குப் போனோம். வாசலில் இருந்தவர் பெரியப்பாவின் வேட்டியையும் செருப்பையும் பார்த்துவிட்டு உடை விதி இருக்கிறது என்றார். 2014-இல் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலிலேயே தடுத்தார்கள். அதை ஒட்டித்தான் வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் பொது இடத்துக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டமே கொண்டுவந்தது. அதைச் சொன்னேன். உடனே பேச்சை மாற்றி, உறுப்பினரோடு ஒரே ஒரு விருந்தினருக்குத்தான் அனுமதி என்றார். மெயிலைக் காட்டினேன். படிக்கவில்லை. ‘நான் வெளிய இருந்துக்கிடுதேன்யா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க’ என்றார் பெரியம்மா. மூன்று பேரும் திரும்பி நடந்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டோம். பெரியப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது, அவர்கள் இருவரும் சாப்பிட்ட காலை உணவு எல்லாவற்றுக்கும் பில்லில் தொகை இருந்தது, அதற்கு மேல் 18 சதவீத வரியும் இருந்தது. மெயிலை அச்செடுத்து டியூட்டி மேனேஜர் மேசையில் வைத்த பிறகுதான் நீக்கினார்கள். அடுத்த வாரம் எனக்கு மன்னிப்புக் கடிதமும் கொஞ்சம் பாயின்ட்டும் வந்தன. அவர்கள் இருவரிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. உறுப்பினர் எண் இல்லாதவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

பெரியவர்களைத் தங்கவைக்கும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். உறவினருக்குத் தெரிந்த ஏஜென்ட் வழியாகவோ மேக்மைடிரிப், அகோடா மாதிரித் தளங்களிலோ போடாமல், ஓட்டல் குழுமத்தின் சொந்தத் தளத்திலேயே அறை போடுங்கள். மற்ற வழியில் போட்டால் பொதுவாகப் பாயின்ட்டும் வராது, சலுகையும் கிடைக்காது. மேரியட்டில் நீங்கள் தங்கிப் பணம் கட்டினால் மூன்று அறை வரை பாயின்ட் சேரும், ஆனால் காலை உணவு, லவுஞ்ச் எல்லாம் உங்கள் அறைக்கு மட்டும்தான். அதனால் பெரியவர்கள் அறையைக் காலை உணவு சேர்ந்த கட்டணத்திலேயே எடுத்துவிடுங்கள். அந்த அறையில் அவர்கள் பெயரையே போடுங்கள். காலையில் வந்து சேர்வதாக இருந்தால் முந்தின இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி, விடிந்துதான் வருவார்கள் என்று சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் வரவில்லை என்று அறையை ரத்து செய்துவிடுவார்கள். நமக்கும் இதே கதைதான், வெளிநாட்டு விமானங்களில் பல விடியற்காலையில்தான் சென்னையில் இறங்குகின்றன.

ஆதாரை அவர்கள் போனில், போன் இல்லையென்றால் அச்சிட்ட இ-ஆதாராக, ஊரிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இ-ஆதாரும் அசல் அட்டைக்குச் சமம் என்று ஆதார் ஆணையமே சொல்கிறது. கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரும் உண்டு, ஓட்டலுக்கு அதைக் கொடுத்தால் நல்லது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாம் பாஸ்போர்ட்டோடு விசாவையோ, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையையோ காட்ட வேண்டும். நாம் வந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு அனுப்ப வேண்டிய கடமை ஓட்டலுக்கு இருக்கிறது. அதில் அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம்.

கிளப் மேரியட் என்று உள்ளூர் மைத்துனர் ஒரு கார்டை நீட்டுவார். அது சாப்பாட்டுத் தள்ளுபடிக்குப் பணம் கட்டி வாங்குவது, உங்கள் மெம்பர்ஷிப்போடு சேராது.

பில்லைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருக்கும் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அதைத் தடை செய்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கார்டு மெஷினில் டாலரா ரூபாயா என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், கிளம்பும் நாள். மேரியட்டில் பிளாட்டினத்துக்கு மாலை 4 மணி வரை அறை உண்டு. கடற்கரை ரிசார்ட்டுகளில் அதற்கும் உறுதி கிடையாது. விமானமோ நள்ளிரவுக்கு மேல். வழியனுப்ப வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடைவெளியில்தான் வருவார்கள், முறுக்கு, ஊறுகாய், பேரப்பிள்ளைக்குக் கொடுக்க ஒரு கவர் என்று கையில் ஏதாவது இருக்கும். பெட்டியைத் திறந்து அடுக்கவும் பெரியவர்கள் காலை நீட்டவும் இடம் வேண்டும். அன்றைய இரவுக்கும் சேர்த்தே அறையைப் போட்டுவிடுங்கள். பார்க்க வருகிறவர்கள் பெயர்களைக் காலையிலேயே ரிசப்ஷனில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், எழுதிக் கொடுத்ததைப் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.