சீருடையைக் களைந்து பல்கலைக்கழகத்துக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் கல்வியாண்டு தொடங்கும் வேளையில், சிங்கப்பூர் ஆயுதப்படையிலிருந்து ஓய்வுபெற்ற அல்லது விரைவில் ஓய்வுபெறவிருக்கும் அதிகாரிகள் சிலர் என்னைப் பார்க்க வருவார்கள். பட்டாலியனையோ தலைமையகப் பிரிவொன்றையோ நடத்திய அனுபவம் அவர்களுக்கு இருக்கும். முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியராக வேண்டும் என்ற உறுதியும் இருக்கும். அதே பாதையில் சற்று முன்னே நடந்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்கிறார்கள். நானும் என் காலத்து நண்பர்களும் செய்த பிழைகளையே அவர்கள் ஒன்றுவிடாமல் மறுபடியும் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பது, மின்னஞ்சல்களுக்குப் பத்தி எண் இட்டுப் பதில் எழுதுவது போன்ற பழக்கங்கள் தாமாகவே தேய்ந்துவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பதவிப் பெயரைச் சுமந்து வருவது

"கர்னல்" என்பதை முகாமின் வாசலிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் பயணச் செலவுப் படிவத்தைச் சரிபார்க்கும் துறை அலுவலக அம்மையாருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

மேற்கோள் காட்ட முடியாததை ஆய்வுப் பொருளாக எடுப்பது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். சோம்பேறிகள் இதைச் செய்வதில்லை. படையில் மிகத் திறமையாகப் பணியாற்றியவர்களே பெரும்பாலும் இதில் விழுகிறார்கள். நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதினால் வேலை எளிதாக முடியும் என்று எண்ணி, தாம் கடைசியாகப் பொறுப்பு வகித்த துறையையே ஆய்வேட்டின் தலைப்பாக்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடினாலும் கிடைக்காத செய்திகள் தம் தலைக்குள்ளேயே இருப்பதால் பாதி ஆய்வு முடிந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு.

தளவாடப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர் அப்படித்தான் சேர்ந்தார். படைகளை அணிதிரட்டும்போது கிடங்குகளிலிருந்து பொருள்கள் போய்ச் சேரும் முறை எவ்வாறு மாறிவந்தது என்பது அவருடைய தலைப்பு. முதல் மூன்று இயல்களை மற்ற மாணவர்கள் பொறாமைப்படும் வேகத்தில் எழுதி முடித்தார். மேற்பார்வையாளர் முதல் பத்தியிலேயே விரலை வைத்து, இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். "நான் அங்கே இருந்தேன்" என்பது இவருடைய பதில். அதை அடிக்குறிப்பாக எழுத முடியாது என்று சொல்லப்பட்டதும் என்னிடம் வந்து, "படையில இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சார்" என்று குறைபட்டுக்கொண்டார். எல்லாருக்கும் தெரிந்ததென்றால் அது எங்கேனும் அச்சில் இருக்க வேண்டும் என்றேன். அச்சில் இல்லாததால்தானே நான் எழுதுகிறேன் என்றார். வாதம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஆய்வேட்டுக்கு அது உதவவில்லை. பிறகு உரிய இடத்தில் அனுமதி கேட்டு எழுதினார். பல மாதங்கள் கழித்து அவருடைய இயல்கள் திரும்பி வந்தபோது, முக்கியமான பத்திகள் அனைத்தும் நீக்கப்பட்டிருந்தன. எஞ்சியிருந்தவை நாளேடுகளில் ஏற்கெனவே வெளிவந்த செய்திகள்தாம். அதற்குள் மூன்றாம் ஆண்டு பிறந்துவிட்டது. வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கினார், பட்டமும் பெற்றார். ஆனால் அவர் மனத்தில் வைத்திருந்த பணியிடத்தில் அப்போது வேறொருவர் அமர்ந்திருந்தார்.

சட்டத்தின் நிலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1935ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம், பதவியில் இருப்பவரை மட்டுமல்லாமல் முன்பு பதவி வகித்தவரையும் கட்டுப்படுத்துகிறது. சீருடையைத் திருப்பிக் கொடுப்பதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. சிங்கப்பூரில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் என்று ஒன்று இல்லை. பிரிட்டனிலோ முப்பது ஆண்டுகள் கடந்த அரசாங்கக் கோப்புகளைத் திறக்கும் விதி 1967இல் வந்தது. 2013 முதல் அந்தக் காலம் படிப்படியாக இருபது ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. இதன் விளைவு சற்று வேடிக்கையானது. 1971இன் இறுதியில் பிரிட்டிஷ் படைகள் இங்கிருந்து பெரும்பாலும் வெளியேறும்வரை, அவர்களுடைய அதிகாரிகள் நம் இளம் படையைப் பற்றி லண்டனுக்கு எழுதிய குறிப்புகளில் பெரும்பகுதியைக் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் எந்த நாட்டு மாணவரும் உட்கார்ந்து படிக்கலாம். அதே காலத்தில் நம்மவர் எழுதிவைத்தவை அவ்வளவு எளிதில் கைக்கு வருவதில்லை.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் சிக்கல் தீராது. படையில் ஒரு செய்தியின் மதிப்பு, அதைச் சொன்னவர் யார் என்பதைப் பொறுத்தது. நம்பத்தகுந்த அதிகாரி சொன்னால் தளபதி அதை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பல்கலைக்கழகத்திலோ, சொன்னவர் யாராக இருந்தாலும், முன்பின் அறியாத வாசகர் ஒருவர் அதே ஆவணத்தை எடுத்துப் படித்து "இவர் சொல்வது தவறு" என்று மறுக்க வழி இருக்க வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டு எழுதப்படும் ஆய்வேடு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், தேர்வாளரால் அதைப் பாராட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. ஆய்வேட்டைப் பொதுப் பார்வைக்கு வைக்காமல் பூட்டிவைக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பூட்டிய ஆய்வேட்டை எந்த நியமனக் குழுவும் படிக்க முடியாது, அதிலிருந்து ஒரு கட்டுரையைக்கூட வெளியிட முடியாது. அப்படிப்பட்ட ஆய்வேட்டால் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் சேரும், அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் போர் வரலாற்றாளர் சர் மைக்கேல் ஹோவர்டின் வாழ்க்கையை இவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவில் இளம் அதிகாரியாக 1943இல் இத்தாலியின் சலெர்னோவில் போரிட்டு வீரப் பதக்கம் பெற்றவர். பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போரியல் துறையை உருவாக்கி, ஆக்ஸ்ஃபோர்டிலும் பேராசிரியராக இருந்தவர். தம் படைப்பிரிவின் போர்க்கால வரலாற்றை எழுதுவதில் அவருக்குப் பங்கு உண்டு என்றாலும், அறிஞர் உலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1961இல் வெளிவந்த, 1870ஆம் ஆண்டின் பிரான்ஸ்–பிரஷ்யப் போரைப் பற்றிய நூல். அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே முடிந்துபோன போர் அது. இதே ஹோவர்ட், இரண்டாம் உலகப்போரில் எதிரியை ஏமாற்றக் கையாளப்பட்ட உத்திகளைப் பற்றி அரசாங்கமே கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு நூல் எழுதினார். 1980 வாக்கில் எழுதி முடிக்கப்பட்ட அந்த நூலை அரசாங்கம் தடுத்துவைத்து, 1990இல்தான் வெளியிட அனுமதித்தது. பத்தாண்டு காத்திருப்பதை அவர் தாங்கிக்கொண்டார், ஏனென்றால் அதற்குள் அவருடைய இருக்கை உறுதியாகிவிட்டது. வீட்டுக் கடனும் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையும் உள்ள முனைவர் பட்ட மாணவருக்கு அந்த வசதி கிடையாது.

ஆவணம் கிடைக்காவிட்டால் நேர்காணல் எடுத்துவிடலாம் என்று பழைய சகாக்களின் பட்டியலோடு வருவோரும் உண்டு. உங்களைப் போலவே அவர்களும் அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை மறக்காதீர்கள். மேலும், நேற்றுவரை உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த ஒரு வாரண்ட் அதிகாரியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினால், அவர் முழு விருப்பத்துடன் கையெழுத்திட்டார் என்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழு நம்பும்? "சார் கேட்கிறார், எப்படி மறுப்பது?" என்றுதான் அவர் நினைப்பார்.

எனவே தலைப்பை முடிவுசெய்வதற்கு முன்பே ஒரு தாளில், நீங்கள் சொல்லப்போகும் முக்கியமான கூற்றுகளை ஒரு பக்கத்திலும், ஒவ்வொன்றுக்கும் உங்களை அறியாத ஒருவர் எங்கே போய் ஆதாரத்தைப் பார்ப்பார் என்பதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் பாதி காலியாக இருந்தால் தலைப்பை மாற்றுங்கள். இதனால் உங்கள் பணி அனுபவம் வீணாகிவிடாது. அனுபவத்திலிருந்து கேள்வியை எடுங்கள், ஆதாரத்தை வேறிடத்தில் தேடுங்கள் என்பதே நான் சொல்வது. சமிக்ஞைப் பிரிவில் இருந்தவருக்கு, தொடர்பு அறுந்த கணத்தில் ஒரு படை என்ன ஆகும் என்பது தெரியும். 1942 பிப்ரவரி 8 இரவு, ஜப்பானியரின் இரண்டு டிவிஷன்கள் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கியபோது, சரிம்பூன் பகுதியைக் காத்து நின்ற ஆஸ்திரேலிய 22ஆம் பிரிகேடின் தொலைபேசிக் கம்பிகள் அன்றைய குண்டுவீச்சில் அறுந்துபோயிருந்தன. பீரங்கிகளின் உதவி வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படைகளின் போர் நாட்குறிப்புகளை ஆஸ்திரேலியப் போர் நினைவகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பாசிர் லாபாவில் பயிற்சி பெற்று, தீவின் மேற்குப் பகுதிப் புதர்க்காடுகளில் இரவில் வழி தேடிய ஒருவர் அந்த நாட்குறிப்புகளைப் படித்தால், சதுப்பு நிலத்தையோ பார்வைத் தூரத்தையோ பற்றிக் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாத கேள்விகள் அவருக்குத் தோன்றும். பணி அனுபவத்துக்கு உரிய இடம் இதுவே.

முடிவை முதல் பக்கத்திலேயே எழுதுவது

தலைமையகத்தில் எழுதும் குறிப்பில் பரிந்துரை முதலில் வர வேண்டும், ஏனென்றால் தளபதிக்கு நேரம் இல்லை. ஆய்வேட்டைப் படிப்பவருக்கோ நேரம் இருக்கிறது, படிப்பதற்கென்றே அவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். இதற்கு முன்பு இந்தக் கேள்விக்கு யார் யார் என்ன விடை சொன்னார்கள், அவற்றில் எது ஏன் போதவில்லை, உங்கள் விடைக்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதம் எது என்பவற்றை அவர் எதிர்பார்க்கிறார். படையில் "வேறு வழிகள்" என்ற தலைப்பின் கீழ், நிராகரிப்பதற்கென்றே இரண்டு பலவீனமான திட்டங்களை எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதே கைவரிசையை ஆய்வேட்டில் காட்டினால் தேர்வாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மாணவர்களின் மௌனத்தை ஒழுங்கு என்று எண்ணுவது

சிங்கப்பூர் வகுப்பறைக்கே உரிய சிக்கல் இது. இங்கே முதலாண்டில் வந்து அமரும் உள்ளூர் ஆண் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாண்டு முழுநேரத் தேசியச் சேவையை முடித்தவர்கள், ஏறக்குறைய 21 வயதினர். பெண் மாணவர்கள் பெரும்பாலும் 19 வயதினர். அவர்களோடு வெளிநாட்டு மாணவர்களும் இருப்பார்கள். முன்னாள் அதிகாரி ஒருவர் குரலைச் சற்று உயர்த்தினால், முன்வரிசைப் பையன்களின் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மறுப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் "யெஸ் சார்" என்பார்கள். அது பாடம் புரிந்ததன் அறிகுறி அல்ல; அடிப்படை ராணுவப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவில் ஊறிய பழக்கம்.

இதைவிடக் கெட்டது, முகாம் நகைச்சுவை. ஆசிரியர் எஞ்சிக் (வாரண்ட் அதிகாரி) ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்; வகுப்பில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்; மீதிப் பாதிக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. இரண்டாம் வாரத்துக்குள் அந்த மீதிப் பாதி, இந்தப் பாடம் தங்களுக்கானது அல்ல என்று முடிவுகட்டிவிடும். என் அனுபவத்தில், போரைப் பற்றிய மிகக் கூர்மையான கேள்விகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன, ஏனென்றால் எதையும் இயல்பானதென்று அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கதைகளைக் குறையுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

ஆய்விதழ் மதிப்பீட்டாளருக்குக் கோபமாகப் பதில் எழுதுவது

எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள்.

இரண்டு வகைப் பேராசிரியர் பதவிகளைக் குழப்பிக்கொள்வது

துறை அனுபவத்துக்காக வழங்கப்படும் நடைமுறைப் பேராசிரியர் பதவி ஒன்று. ஆய்வு வெளியீடுகளின் அடிப்படையில் நிரந்தரமாக்கப்படும் பதவி மற்றொன்று. முன்னதற்குப் பல வேளைகளில் முனைவர் பட்டமே தேவைப்படாது. பாடம் நடத்துவதில் மட்டுமே ஆர்வம் உள்ளவர் நான்கைந்து ஆண்டுகளை ஆய்வேட்டில் கழிப்பதற்கு முன், பகுதிநேர விரிவுரையாளராக ஒரு பருவம் கற்பித்துப் பார்ப்பது நல்லது. வேலை செய்துகொண்டே படிக்கும் பெரியவர்கள் நிறைந்த சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் அத்தகைய வாய்ப்புகள் உண்டு.

தமிழை வீட்டில் விட்டுவிட்டு வருவது

நம்மவர்களிடம் மட்டும் காணும் குறை இது. ஆய்வு என்றாலே ஆங்கிலம் என்று எண்ணி, தமக்குப் படிக்கத் தெரிந்த இன்னொரு மொழியை விண்ணப்பத்தில்கூடக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழர்கள். தோட்டத்திலிருந்து வந்த அந்தச் சிப்பாய்களின் குரல், அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஏறக்குறைய இல்லை. ஒரு பிளட்டூனை நடத்தியவர், தமிழும் படிக்கத் தெரிந்தவர், இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டால் அவருக்குப் போட்டியாளர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ரகசியச் சட்டத்தின் தொல்லையும் கிடையாது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தில் பார்க்கலாம். 1979 முதல் செயல்பட்டுவரும் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழில் பதிவான நேர்காணல்களும் உள்ளன. அவற்றில் சிலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். வேறு சிலவற்றுக்கு எழுத்துவழி அனுமதி தேவைப்படும் என்பதால், பட்டியலை முன்கூட்டியே பார்த்து, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொள்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.