சின்ன வெப்சைட்டுக்கு பேக்லிங்க் சேர்ப்பது எப்படி, எங்கெல்லாம் சிக்கும்

வெப்சைட் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அந்த மின்னஞ்சல் வந்துவிடும். 'உங்கள் தளம் கூகுளில் முதல் பக்கத்தில் வரவில்லை, எங்களிடம் ஐந்நூறு பேக்லிங்க் வாங்கினால் ஒரே மாதத்தில் மேலே ஏற்றிவிடுவோம்' என்று யாரோ எழுதியிருப்பார்கள். பதில் போட வேண்டாம், விலை கேட்கவும் வேண்டாம். பேக்லிங்க் என்றால் வேறொரு தளம் உங்கள் தளத்துக்குக் கொடுக்கும் லிங்க். அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் காசு கொடுத்து மொத்தமாக வாங்குகிற லிங்க்கால் பெரும்பாலும் பயன் கிடைக்காது, சில நேரம் இருக்கிற இடமும் போய்விடும்.

முதலில் அடிப்படை. 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளை உருவாக்கியபோது பிடித்துக்கொண்ட யோசனை இதுதான்: ஒரு பக்கத்துக்கு வேறொரு தளம் லிங்க் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு, யாருக்கு நிறைய சிபாரிசு வருகிறதோ அவர் செய்கிற சிபாரிசுக்கு மதிப்பும் அதிகம். இன்றைக்கும் அந்த யோசனை உயிரோடு இருக்கிறது, ஆனால் அதோடு வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. கூகுளில் வேலை பார்க்கும் கேரி இல்யெஸே 2023-ல் ஒரு மாநாட்டில், லிங்க் முக்கியம்தான், ஆனால் முதல் மூன்று காரணங்களில் ஒன்று என்று சொல்ல முடியாது, மக்கள் அதைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று சொன்னார்.

அதனால் லிங்க் தேடிக் கிளம்புவதற்கு முன்னால், உங்கள் பிரச்சினை லிங்க்தானா என்று பாருங்கள். நீங்கள் மேலே வர நினைக்கும் சொற்களைத் தமிழிலேயே கூகுளில் போட்டுத் தேடுங்கள். முதல் ஐந்து முடிவுகளும் நாலு வரிச் செய்தி, காப்பியடித்த கட்டுரை என்று இருந்தால், அங்கே நல்ல பக்கம் ஒன்றை ஒழுங்காக எழுதினாலே லிங்க் அதிகம் இல்லாமல் மேலே வர வாய்ப்பு உண்டு, தமிழில் இப்படிப்பட்ட தேடல்கள் இன்னும் ஏராளம். பெரிய நாளிதழ்களும் அரசுத் தளங்களும் உட்கார்ந்திருக்கிற சொல் என்றால்தான் லிங்க் இல்லாமல் நகராது.

சரி, வாங்கக் கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடர், 2010 கிறிஸ்துமஸ் விற்பனை நேரத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை ஆராய்ந்து எழுதியது: துணிக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களில் எல்லாம் அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கான லிங்க்குகள் சொருகப்பட்டிருந்தன. கூகுள் கைவைத்ததும் முதலிடத்தில் இருந்த கடை பல பக்கங்கள் தள்ளிக் கீழே போனது. அடுத்த வருடம், 2012 ஏப்ரலில், கூகுளின் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது, இதே வேலையை இயந்திரமே செய்ய ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலும் தண்டனைகூட இல்லை, அந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் காசு மட்டும் போகும், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

விற்பவர்கள் அனுப்பும் எக்செல் ஷீட்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். தளத்தின் பெயர், டிஏ, டிஆர், மாத டிராஃபிக், விலை, கடைசியில் 'கேசினோ விலை' என்று தனியாக ஒரு நெடுவரிசை. ஒரு தளம் எவ்வளவு வலுவானது என்று தனியார் நிறுவனங்கள் போடுகிற மதிப்பெண்கள் இவை, டிஏ மோஸ் நிறுவனத்துடையது, டிஆர் ஏரெஃப்ஸ் நிறுவனத்துடையது, இரண்டும் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும், இரண்டையும் கூகுள் பயன்படுத்துவதில்லை. அந்தக் கேசினோ நெடுவரிசைதான் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. சூதாட்டத் தளத்துக்கு அதிக விலை வாங்கிக்கொண்டு லிங்க் கொடுக்கிற அதே பக்கத்தில்தான் உங்கள் ஊறுகாய்க் கடைக்கும் லிங்க் வரப்போகிறது. ஷீட்டில் இருக்கும் தளங்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள், மேலே மெனுவில் உடல்நலம், கிரிப்டோ, சட்டம், வீட்டு அலங்காரம், நாய் வளர்ப்பு எல்லாம் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. யாருமே படிக்காத தளம் அது.

காசு கொடுத்து விளம்பரமே செய்யக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. தாராளமாகச் செய்யலாம், ஆனால் அந்த லிங்க்கில், இது காசு கொடுத்துப் பெற்றது என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பான்சர்ட் என்ற குறியோ, இதைச் சிபாரிசாக எண்ண வேண்டாம் என்று சொல்லும் நோஃபாலோ குறியோ இருக்க வேண்டும். நோஃபாலோ 2005-லிருந்து இருக்கிறது, ஸ்பான்சர்ட் 2019-ல் வந்தது. ஆட்கள் வருவார்கள், ரேங்க் கணக்கில் அதை எதிர்பார்க்காதீர்கள். விக்கிபீடியாவில் வெளியே போகும் லிங்க்குகளும் யூடியூப் விவரத்தில் போடும் லிங்க்குகளும் நோஃபாலோதான், அதனால் விக்கிபீடியாவில் போய் உங்கள் முகவரியைச் சொருகி, மற்றவர்கள் அதை நீக்கி, மறுபடி நீங்கள் சொருகி என்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் முகப்புப் பக்கத்துக்கோ பொருள் விற்கும் பக்கத்துக்கோ யாரும் சும்மா லிங்க் தர மாட்டார்கள், அவர்கள் ஏன் தர வேண்டும்? அவர்களுடைய வாசகருக்கு உதவுகிற பக்கம் ஒன்று உங்களிடம் இருந்தால் தருவார்கள். மாடித்தோட்டத்துக்கு விதை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'மாடித்தோட்டத்தின் நன்மைகள்' என்று எழுதினால் அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஆடியில் எதை விதைப்பது, தைப்பட்டத்தில் எதை, சித்திரையில் எதை, நீலகிரியில் கணக்கு எப்படி மாறுகிறது, ராமநாதபுரத்தில் எப்படி மாறுகிறது என்று மாவட்டவாரியாக ஒரே அட்டவணையாகப் போட்டு, அச்செடுத்து வீட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு பிடிஎஃப்பும் வைத்தீர்கள் என்றால், தோட்டம் பற்றி எழுதுகிறவர்கள், பள்ளித் தோட்டம் நடத்தும் ஆசிரியர்கள், இயற்கை விவசாயக் குழுக்கள் எல்லோருக்கும் அதைச் சுட்ட ஒரு காரணம் கிடைக்கிறது. இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் செலவழிந்தாலும் பரவாயில்லை. அங்கிருந்து உங்கள் விதைப் பக்கங்களுக்கு நீங்களே உள்லிங்க் கொடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கேட்க வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள், கூச்சமாக இருக்கும். அதிலும் தமிழில் ஒரு கூடுதல் சிக்கல், நம் ஆட்கள் பெரும்பாலும் யூடியூபிலும் வாட்ஸாப்பிலும்தான் இருக்கிறார்கள், சொந்தமாகத் தளம் வைத்து எழுதுகிறவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் சொல்வதுபோல நூறு பேருக்கு எழுத இங்கே நூறு தளம் கிடைக்காது. இருபது கிடைத்தால் அந்த இருபதையும் உண்மையிலேயே படித்துவிட்டு எழுதுங்கள்.

எளிதான வழி செத்த லிங்க். பழைய கட்டுரைகள் சுட்டுகிற அரசுத் தளப் பக்கங்கள், தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரி மாறி அடிக்கடி செத்துப்போகும். ஒரு பக்கத்தில் எந்த லிங்க் வேலை செய்யவில்லை என்று காட்டும் பிரவுசர் நீட்சிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செத்த பக்கத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை, பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஈடான பக்கம் உங்களிடம் இருந்தால் இப்படி எழுதுங்கள்:

'வணக்கம். மாடித்தோட்டம் தொடங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில், விதைப்புக் காலம் பற்றிய பத்தியில் இருக்கும் லிங்க் இப்போது திறக்கவில்லை. அதே தகவலை மாவட்டவாரியாக நான் தொகுத்து வைத்திருக்கிறேன், முகவரி கீழே. பொருத்தமாகப் பட்டால் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றாலும் அந்த லிங்க்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.'

அவ்வளவுதான். 'உங்கள் அருமையான தளத்தின் தீவிர வாசகன்' என்றெல்லாம் வேண்டாம், அதைப் படித்ததும் அழித்துவிடுவார்கள். பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் பதிலே போட மாட்டார்கள், இந்த வேலையின் இயல்பே அதுதான், மனம் தளர வேண்டாம்.

இன்னொரு வழி, ஏற்கெனவே உங்களைப் பற்றிப் பேசியவர்களைப் பிடிப்பது. உங்கள் தளத்தின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு லிங்க் தராமல் விட்டவர்கள் கிடைப்பார்கள், கேட்டால் எளிதாகக் கொடுப்பார்கள். உங்கள் படங்களையும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். நம் இணையத்தில் அட்டவணையையும் படத்தையும் அப்படியே எடுத்துப் போடுவது சர்வசாதாரணம், சண்டை போடுவதைவிட 'படம் இருக்கட்டும், மூலப் பக்கத்துக்கு ஒரு லிங்க் மட்டும் கொடுத்துவிடுங்கள்' என்று கேட்பதில் பலன் அதிகம்.

லிங்க் தர ஒப்புக்கொண்டவரிடம், எந்தச் சொல்லில் லிங்க் கொடுக்க வேண்டும் என்று கட்டளை போடாதீர்கள். எல்லோரும் 'சிறந்த காய்கறி விதை ஆன்லைன்' என்றே லிங்க் கொடுத்திருந்தால் அது செயற்கை என்று யாருக்கும் தெரியும். ஒருவர் தளத்தின் பெயரைப் போடுவார், ஒருவர் 'இந்த அட்டவணை' என்பார், அப்படியே இருக்கட்டும். 'நான் உனக்கு, நீ எனக்கு' என்று லிங்க் மாற்றிக்கொள்வதையும் அளவுக்கு மீறிச் செய்யாதீர்கள், கூகுளின் ஸ்பேம் விதிகளில் அதுவும் இருக்கிறது.

மாதம் ஒரு முறை, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் லிங்க்ஸ் பகுதியைத் திறந்து, எந்தத் தளங்கள் சுட்டுகின்றன, எந்தப் பக்கத்துக்கு அதிகம் வருகிறது என்று பாருங்கள். நடுவில் பெயரே புரியாத குப்பைத் தளங்கள் நிறைய இருக்கும், பயப்பட வேண்டாம், எல்லாத் தளத்துக்கும் அது உண்டு. இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்ல 'டிஸ்அவோ' என்று 2012-லிருந்து ஒரு கருவி இருக்கிறது, அதை நோண்ட வேண்டாம். நீங்களோ உங்களுக்கு முன் தளத்தை வைத்திருந்தவரோ லிங்க் வாங்கியிருந்து, கூகுள் கொடுத்த தண்டனையைக் காட்டும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் அறிவிப்பு வந்திருந்தால் மட்டுமே அதைத் தொடுங்கள்.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதற்குள் தளத்தின் தோற்றத்தை மாற்றுகிறேன் என்று அந்த அட்டவணைப் பக்கத்தின் முகவரியை மாற்றிவிடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரிக்கு வருகிறவர்களைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் 301 ரீடைரக்ட் போட்டு, குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள், முடிந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள். வேர்ட்பிரஸ் என்றால் இலவச பிளகின் ஒன்றிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.